வெள்ளித் துகளும் போர்பைரின் வளையமும்

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை நிற்கிறது. அதன் பாறைகளில் இரும்புத் தாது நிறைந்திருக்கிறது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்குச் சேலத்துத் தாதுதான் போனது. நகரின் வடபுறம் ஆங்கிலேயர் ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயரிட்ட வெண்குன்றுகள் இருக்கின்றன. அங்கே தோண்டி எடுப்பது மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். உருக்காலை உலைகளின் உட்சுவருக்கு வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய அது போகிறது. ஒரே ஊரின் இரு பக்கமும் இரண்டு உலோகங்கள்.

உயிருள்ள உடல்களிலும் இந்த இரண்டு உலோகங்களுக்கும் பெரிய பொறுப்பு உண்டு. நம் ரத்தத்தின் சிவப்பு நிறமியில் இருப்பது இரும்பு. இலையின் பச்சையத்தில் இருப்பது மக்னீசியம். இரண்டையும் தாங்கிப் பிடிப்பது ஏறக்குறைய ஒரே அமைப்புள்ள ஒரு கரிம வளையம். அதன் பெயர் போர்பைரின்.

சேலத்துக்கு மூன்றாவது உலோகமும் உண்டு. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வீட்டுக்கு வீடு கொலுசு வேலை நடக்கிறது. அந்த வெள்ளியை ஒரு மில்லிமீட்டரில் லட்சம் பங்கில் ஒன்றிரண்டாகச் சிறுத்து, இலைச்சாற்றால் போர்த்தி, அதன் மேல் போர்பைரின் வளையத்தைப் பூட்டினால் என்ன கிடைக்கும்? ஒளி பட்டால் மட்டும் கிருமியைக் கொல்லும் ஒரு துகள் கிடைக்கலாம். கல்லூரி ஆய்வகத்தின் எளிய கருவிகளைக் கொண்டே தொடங்கக்கூடிய வேலை இது. ஆனால் அதைச் சரியாக முடிப்பது கடினம். இலையைக் கொண்டு துகள் செய்வதை இன்று பலரும் செய்கிறார்கள். துகளோடு வளையத்தை இணைப்பதிலும், இணைந்துவிட்டது என்று நிரூபிப்பதிலும்தான் அறிவியல் இருக்கிறது.

வளையமும் ஒளியும்

பைரோல் என்பது நான்கு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த சிறிய ஐங்கோண மூலக்கூறு. நான்கு பைரோல்களை நான்கு கார்பன் பாலங்களால் வட்டமாகக் கோத்தால் போர்பைரின். நான்கு நைட்ரஜன்களும் உள்நோக்கி நிற்பதால் நடுவில் ஓர் உலோக அணு உட்காரும் அளவுக்குக் குழி அமைகிறது. இரும்பு உட்கார்ந்தால் ஹீம். ஓரத்தில் சில மாற்றங்களோடு மக்னீசியம் உட்கார்ந்தால் பச்சையம். பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்த ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் 1915இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். ரத்தத்திலிருந்து கிடைக்கும் ஹீமினை ஆய்வகத்தில் உருவாக்கிக் காட்டிய ஹான்ஸ் ஃபிஷர் 1930இல் அதே பரிசைப் பெற்றார்.

குழி காலியாகவும் இருக்கலாம். பழுப்பு நிற நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டுக்கு அந்த நிறத்தைத் தருவது புரோட்டோபோர்பைரின், உலோகம் இல்லாத வளையம். ரூபாய் நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் அந்த ஓட்டின் மேல் காட்டினால் செந்நிறமாக ஒளிரும். நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாகப் போகும் வெள்ளை முட்டைகளில் இந்த நிறமி மிகக் குறைவு.

போர்பைரின்களை ஒளியின் வழியே அடையாளம் காண்பது எளிது. சுமார் 400 முதல் 420 நானோமீட்டர் அலைநீளத்தில், ஊதா ஒளியை, அவை மிக வலுவாக உறிஞ்சும். 1883இல் ரத்தத்தின் நிறமாலையில் இதைக் கவனித்த சுவிட்சர்லாந்து அறிஞர் ஷாக் லூயி சோரே பெயரால் அது சோரே பட்டை எனப்படுகிறது. 500 முதல் 650 நானோமீட்டர் வரை சிறிய பட்டைகள் சில தெரியும். அவற்றுக்குக் கியூ பட்டைகள் என்று பெயர். குழி காலியாக இருந்தால் கியூ பட்டைகள் நான்கு. உலோகம் உட்கார்ந்துவிட்டால் பெரும்பாலும் இரண்டாகக் குறையும். இந்த எண்ணிக்கை பின்னால் நமக்குப் பயன்படும்.

உறிஞ்சிய ஒளியை வளையம் என்ன செய்கிறது? ஒரு பகுதியைச் சிவப்பொளியாகத் திருப்பி விடுகிறது. இன்னொரு பகுதியை மும்மை நிலை என்ற, சற்று நீண்ட காலம் நிலைக்கும் கிளர்ந்த நிலையில் சேமித்து வைக்கிறது. பக்கத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு வந்தால் அந்த ஆற்றலை அதனிடம் கொடுத்துவிடுகிறது. நாம் சுவாசிக்கும் சாதாரண ஆக்சிஜன் சாதுவானது. இந்த ஆற்றலைப் பெற்றதும் ஒற்றைநிலை ஆக்சிஜனாக மாறிவிடுகிறது. சாதாரண நிலைக்கும் இதற்கும் இடைவெளி மோலுக்கு 94 கிலோஜூல். கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று அருகில் எது கிடைத்தாலும் இது தாக்கும். நீரில் இதன் ஆயுள் 3 முதல் 4 மைக்ரோ விநாடி மட்டுமே. அதற்குள் அது நூறு இருநூறு நானோமீட்டருக்கு மேல் போக முடியாது. ஒரு பாக்டீரியாவின் நீளமே ஆயிரம் நானோமீட்டருக்கு மேல் இருக்கும். எனவே போர்பைரின் கிருமியை ஒட்டி நின்றால்தான் வேலை நடக்கும்.

மனிதர் மேல் இதன் வீரியத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜெர்மன் மருத்துவர் ஃபிரீட்ரிஷ் மேயர்-பெட்ஸ். 1912இல் அவர் 200 மில்லிகிராம் ஹிமட்டோபோர்பைரினைத் தன் உடலிலேயே செலுத்திக்கொண்டார். வெயில் பட்ட இடமெல்லாம் கடுமையாக வீங்கியது. பல வாரங்கள் வெளிச்சத்துக்கு அஞ்ச வேண்டியிருந்தது. இதே வேதியியலை அமெரிக்காவின் பஃபலோ நகரில் தாமஸ் டோஹர்ட்டி 1970களில் புற்றுநோய்ச் சிகிச்சையாக்கினார். அந்த வழியில் வந்த ஃபோட்டோஃப்ரின் மருந்துக்கு 1993இல் கனடாவும் 1995இல் அமெரிக்காவும் அனுமதி அளித்தன. மருந்தைச் செலுத்திவிட்டு, கட்டியின் மேல் மட்டும் 630 நானோமீட்டர் சிவப்பொளியைப் பாய்ச்சுவார்கள். ஒளி படாத இடத்தில் அந்தச் சேதம் நேராது.

துகள் எதற்கு?

போர்பைரினுக்கு இவ்வளவு வல்லமை இருந்தும் தனியாக விட்டால் பல சங்கடங்கள். பெரும்பாலான போர்பைரின்கள் நீரில் சரியாகக் கரைவதில்லை. தட்டையான மூலக்கூறுகள் ஆதலால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கின்றன. அடுக்கிக்கொண்டால் உறிஞ்சிய ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. ஒற்றைநிலை ஆக்சிஜன் குறைந்துபோகிறது. நீண்ட நேரம் ஒளியில் இருந்தால் தான் உருவாக்கிய ஆக்சிஜனாலேயே வளையம் சிதையும். வேலை முடிந்ததும் நீரிலிருந்து திரும்ப எடுக்கவும் வழியில்லை.

ஒரு தாங்கியின் மேல் வளையங்களைத் தனித்தனியே நிறுத்தி வைத்தால் இந்தச் சங்கடங்கள் பலவும் குறையும். உலோக நானோ துகள் அதற்கு ஏற்ற தாங்கி. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு கிராம் வெள்ளியைக் கனசதுரமாக வார்த்தால் அதன் மேற்பரப்பு ஒன்றேகால் சதுர சென்டிமீட்டர்தான். அதே ஒரு கிராமை 20 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டைகளாக்கினால் மொத்த மேற்பரப்பு 28 சதுர மீட்டரைத் தாண்டும்; கிட்டத்தட்ட 300 சதுர அடி. அப்படிப்பட்ட ஒவ்வொரு உருண்டையிலும் சுமார் இரண்டரை லட்சம் வெள்ளி அணுக்கள் இருக்கும். அதன் மேல் போர்பைரின் வளையங்களைத் தட்டையாகப் படுக்க வைத்தால் சில நூறு வளையங்களுக்கு இடம் உண்டு. அவ்வளவு வளையங்களும் ஒரே துகளில் ஏறி ஒரு கிருமியின் பக்கத்தில் போய் இறங்குகின்றன.

வெள்ளிக்கு இன்னொரு குணமும் உண்டு. இவ்வளவு சிறிதானதும் அதன் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து ஒரே தாளத்தில் அலைகின்றன. இதற்கு மேற்பரப்புப் பிளாஸ்மான் அதிர்வு என்று பெயர். வெள்ளித் துகள் மிதக்கும் நீர் மஞ்சள் பழுப்பாகவும், தங்கத் துகள் மிதக்கும் நீர் மாதுளைச் சிவப்பாகவும் தெரிவது இதனால்தான். மைக்கேல் ஃபாரடே 1857இல் தங்கத்தைக் கொண்டு இத்தகைய செந்நிற நீர்மங்களைச் செய்து, நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துகள்களே என்று விளக்கினார். துகளின் அருகே ஒளியின் மின்புலம் பல மடங்கு பெருகுகிறது. போர்பைரின் சரியான தொலைவில் நின்றால் அந்தப் பெருக்கம் அதற்கும் கிடைக்கும்.

இலை எப்படித் துகள் செய்கிறது?

வெள்ளி அயனிக்கு ஓர் எலக்ட்ரான் கொடுத்தால் அது வெள்ளி அணுவாகும். தங்க அயனிக்கு மூன்று வேண்டும். அதைக் கொடுக்க வேதியியலர் நெடுங்காலமாக சோடியம் போரோஹைட்ரைடு, சிட்ரேட் போன்றவற்றைப் பயன்படுத்தினர். இலையிலும் எலக்ட்ரான் கொடுப்போர் நிறைய உண்டு. பாலிஃபீனால்கள், ஃபிளேவனாய்டுகள், சர்க்கரைகள், சில புரதங்கள் எல்லாம் அந்த வேலையைச் செய்யும். பாலிஃபீனாலில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் குவினோனாக மாறுகின்றன.

2002இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தில் கார்டியா-டோரஸ்டே குழுவினர், குதிரைமசால் செடிக்குள்ளேயே தங்க நானோ துகள்கள் உருவாவதைக் காட்டினர். இலைச்சாற்றைக் குடுவையில் எடுத்து வேலை செய்யும் முறைக்கு இந்தியாவில் வழி திறந்தது புனேயின் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடம். முரளி சாஸ்திரியும் அவரோடு பணியாற்றிய அப்சர் அகமது, ஷிவ் ஷங்கர் முதலியோரும் 2003இல் ஜெரேனியம் இலையிலும், 2004இல் வேப்பிலையிலும் இதைச் செய்தனர். அதே ஆண்டு எலுமிச்சைப்புல் சாற்றில் முக்கோணத் தகடுகளாகத் தங்கம் விளைந்தது. 2005இல் அதே ஆய்வுக்கூடத்தில் புளிய இலைச் சாற்றிலும் தங்க முக்கோணங்கள் கிடைத்தன. வேம்பும் புளியும் சேலம் நாமக்கல் சாலையோரங்களில் நிழல் தரும் மரங்கள். அதனால்தான் இந்த ஆய்வு நம் கல்லூரிகளில் இவ்வளவு விரைவாக வேரூன்றியது. 1997இல் தொடங்கிய சேலம் பெரியார் பல்கலைக்கழகமும், நானோ அறிவியலுக்கென ஒரு மையம் நடத்தும் திருச்செங்கோடு கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரியும், சுற்றிலும் உள்ள கலை அறிவியல் கல்லூரிகளும் இந்தத் துறைக்கு மாணவர்களைத் தருகின்றன.

செய்முறை எளியது. கழுவிய இலை பத்து கிராமை நறுக்கி 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில் சில நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்ட வேண்டும். ஒரு லிட்டரில் 170 மில்லிகிராம் சில்வர் நைட்ரேட் கரைந்த நீரில், ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு சாற்றைச் சேர்க்க வேண்டும். வெளிர் மஞ்சளாக இருந்த நீர் சிறிது சிறிதாகப் பழுப்பாகும். நிறமாலைமானியில் வைத்தால் 420 முதல் 450 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு எழும். துகள் பிறந்துவிட்டது.

பிறந்த துகள் வெறும் வெள்ளியாக இருப்பதில்லை. எலக்ட்ரானைக் கொடுத்த சாற்றின் மூலக்கூறுகளே அதன் மேல் ஒட்டி ஓர் உறையாகின்றன. வேப்பிலைத் துகள்களை டெர்பினாய்டுகளும் ஃபிளேவனோன்களும் போர்த்திக் காக்கின்றன என்று புனே ஆய்வாளர்கள் கருதினர். துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் படியாமல் இந்த உறைதான் காக்கிறது. இலையை விட்டால் மாவுச்சத்தும் இதைச் செய்யும். 2003இல் அமெரிக்காவில் ரவீந்திரன், ஃபூ, வாலன் ஆகியோர் குளுக்கோஸை எலக்ட்ரான் கொடுக்கவும் ஸ்டார்ச்சை உறையாகவும் வைத்து வெள்ளித் துகள் செய்தனர். மரவள்ளி விளைந்து ஜவ்வரிசி ஆலைகள் ஓடும் நம் பகுதிக்கு இது கைக்கு எட்டிய பொருள். இலைச்சாறு மரத்துக்கு மரம், பருவத்துக்குப் பருவம் மாறும். சுத்தமான ஸ்டார்ச்சின் வேதியியல் அவ்வளவு மாறாது. எனவே இலைத் துகளோடு ஒப்பிட ஒரு நிலையான துகள் வேண்டுமென்றால் மரவள்ளி ஸ்டார்ச் நல்ல தேர்வு.

மூன்று வழிகளில் இணைப்பு

போர்பைரினை ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம். 1967இல் ஆட்லரும் லோங்கோவும் சொன்ன முறையில் பைரோலையும் பென்சால்டிஹைடையும் புரோப்பியானிக் அமிலத்தில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தால், ஆறியதும் ஊதா நிறப் படிகங்கள் விழும். விளைச்சல் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் வேலை நேரடியானது. பென்சால்டிஹைடுக்குப் பதில் வேறு ஆல்டிஹைடு எடுத்தால் வளையத்தின் நான்கு முனைகளிலும் நமக்கு வேண்டிய தொகுதி வந்துவிடும். கார்பாக்சில் வேண்டுமா, பிரிடின் வேண்டுமா என்று இங்கேயே முடிவு செய்யலாம். எந்த வழியில் துகளோடு இணைக்கப் போகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த முடிவு.

முதல் வழி மின்னேற்றக் கவர்ச்சி. இலைச்சாறு போர்த்திய துகள்களின் மேற்பரப்பில் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் இருக்கும். பிரிடின் முனைகளில் மெத்தில் சேர்த்தால் வளையம் நான்கு நேர்மின்னேற்றம் பெறும். நீரிலும் நன்றாகக் கரையும். இரண்டையும் கலந்தாலே ஒட்டிக்கொள்ளும். நேர்மின்னேற்றம் கொண்ட போர்பைரினுக்கு இன்னொரு நன்மை உண்டு. எஸ்செரிச்சியா கோலி, சால்மொனெல்லா போன்ற கிராம் எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வு மின்னேற்றமற்ற போர்பைரின்களை நெருங்க விடுவதில்லை. நேர்மின்னேற்றம் கொண்டவை அதில் ஒட்டுகின்றன. இந்த இணைப்பின் குறை, உப்பு நீரில் தளர்ந்துவிடும் என்பது. உடல் திரவமும் கழிவுநீரும் உப்புள்ளவையே. துகளின் மின்னேற்றம் முழுதும் ஈடாகிவிட்டால் துகள்களும் திரண்டு படிந்துவிடும்.

இரண்டாவது கந்தகப் பிணைப்பு. வெள்ளிக் கொலுசு நாளாக நாளாகக் கறுப்பது காற்றில் உள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்து வெள்ளி சல்பைடு ஆவதால். அதே நாட்டத்தைப் பயன்படுத்தி, போர்பைரினில் ஒரு தயால் வாலைச் சேர்த்தால் கந்தக முனை உலோகத்தில் உறுதியாகப் பிணைந்துகொள்ளும். 1994இல் இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் புரூஸ்ட், ஷிஃப்ரின் முதலியோர் தயால் போர்த்திய தங்கத் துகள்களுக்கு வழி காட்டினர். 2002இல் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தில் போர்பைரினின் உறவான தாலோசயனினைத் தங்கத் துகளில் கந்தகத்தால் பிணைத்து, ஒற்றைநிலை ஆக்சிஜன் உருவாவதைக் காட்டினர். அங்கே வளையம் இருந்த கலத்திலேயே துகள் உருவானது. இடையில் சாற்றுறை இல்லை. இலைத் துகளில் அப்படியில்லை. எண்ணெய்ப் பூச்சு அடித்த சுவரில் சுண்ணாம்பு ஒட்டாதது போல, தடித்த சாற்றுறை உள்ள துகளில் கந்தக முனைக்கு உலோகம் எட்டுவதில்லை. உறையின் ஒரு பகுதியை அகற்றி அந்த இடத்தில் தயாலை நுழைக்க வேண்டும். அளவுக்கு மீறி அகற்றினால் துகள்கள் திரண்டுவிடும்.

மூன்றாவது வழி உறையையே பயன்படுத்துவது. சாற்றுறையில் புரதம் இருந்தால் அதில் அமைன் தொகுதிகள் இருக்கும். போர்பைரினின் கார்பாக்சில் முனையைக் கார்போடையிமைடு வினைப்பொருளால் தூண்டிவிட்டால் இரண்டும் அமைடு பிணைப்பாகச் சேரும். புரதங்களை ஒன்றோடொன்று இணைக்க உயிர்வேதியியலர் அன்றாடம் செய்வது இதுதான். எந்த இலையின் உறையில் எவ்வளவு அமைன் இருக்கிறது என்று முதலில் அளந்துவிட்டு இறங்கினால் இது நல்ல வழி. அளக்காமல் இறங்கினால் வினைப்பொருளுக்குச் செய்த செலவுதான் மிஞ்சும்.

நிரூபிப்பதில் உள்ள பொறிகள்

மிகப் பெரிய பொறி நிறத்திலேயே இருக்கிறது. வெள்ளித் துகளின் பிளாஸ்மான் மேடு 420 நானோமீட்டர் பக்கம். போர்பைரினின் சோரே பட்டையும் அதே இடத்தில். இரண்டையும் வெறுமனே கலந்தாலும், பிணைத்தாலும், நிறமாலையில் அந்த இடத்தில் ஒரு மேடு தெரியும். அதைக் காட்டி இணைப்பு நடந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வெள்ளியோடு வேலை செய்பவர் கியூ பட்டைகளைப் பார்க்க வேண்டும். தங்கத்தின் மேடு 520 நானோமீட்டர் பக்கம் இருப்பதால் அங்கே சோரே பட்டை தனித்துத் தெரியும். அதனால் முதன்முதலில் இறங்குவோருக்குத் தங்கம் விலை கூடுதல் என்றாலும் தெளிவு கூடுதல். ஒற்றைநிலை ஆக்சிஜனை அளக்கப் பெரும்பாலோர் பயன்படுத்தும் டைஃபீனைல் ஐசோபென்சோஃபியூரான் என்ற சேர்மமும் 410 நானோமீட்டரில்தான் ஒளியை உறிஞ்சும், அங்கேயே மங்கும். அதுவும் வெள்ளியின் மேட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். தெளிவான சான்று, ஒற்றைநிலை ஆக்சிஜன் தானே வெளியிடும் 1270 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. அதை அளக்கும் கருவி எல்லா இடத்திலும் இல்லை. இருக்கும் இடத்துக்கு மாதிரியை அனுப்பலாம்.

இரண்டாவது பொறி வளையத்தின் நடுக்குழி. வெள்ளித் துகளின் மேற்பரப்பிலிருந்து வெள்ளி வளையத்துக்குள் குடியேறிவிடலாம். பிராக் நகர ஆய்வாளர்கள் ராமன் நிறமாலையில் இதைக் கண்டு விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். வெள்ளி குடியேறிய போர்பைரின் ஒளிர்வதில்லை. மும்மை நிலையின் ஆற்றலும் மிக விரைவில் வெப்பமாகிப் போகிறது. ஒற்றைநிலை ஆக்சிஜன் கிட்டத்தட்ட நின்றுவிடும். நான்கு கியூ பட்டைகள் குறைந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் குடியேற்றத்தைக் கண்டுபிடிக்கலாம். குழியில் முன்கூட்டியே துத்தநாகத்தை வைப்பது நல்ல காப்பு. துத்தநாகப் போர்பைரின் ஒளியில் நன்றாக வேலை செய்யும். இரும்பை வைத்தால் பயனில்லை. அது வளையத்தின் ஆற்றலை நொடியில் வெப்பமாகக் கரைத்துவிடும். நம் ரத்தத்தின் ஹீம் வெயிலில் நம்மைச் சுடாமல் இருப்பதற்கும் இதுவே காரணம்.

மூன்றாவது பொறி தொலைவு. வளையம் உலோகத்தை ஒட்டிப் படுத்தால் அதன் ஆற்றலை உலோகமே உறிஞ்சிக்கொள்ளும். சில நானோமீட்டர் தள்ளி நின்றால் அந்த இழப்பு குறைந்து, பிளாஸ்மானின் பெருக்கம் கிடைக்கத் தொடங்கும். ஒளிர்வு குறைந்ததைக் காட்டி ‘இணைந்துவிட்டது’ என்று மகிழ்வோர், அதே குறைவு துகளின் பயனையும் குறைத்திருக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். இணைப்புச் சங்கிலியின் நீளத்தை மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பது இதற்காகத்தான்.

நான்காவது பொறி இலைக்கே உரியது. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. செடியில் ஒளியை வாங்கும் பச்சையமும் ஒற்றைநிலை ஆக்சிஜனை உண்டாக்கும். அது தன்னையே அழிக்காமல் இருக்கச் செடி கரோட்டினாய்டுகளை வைத்து அதை அடக்குகிறது. சாற்றில் இறங்கும் பாலிஃபீனால்களும் அதே காவல் வேலையைச் செய்யக்கூடியவை. வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்துத் துகளைப் பிறப்பித்த அதே பாலிஃபீனால், போர்பைரின் உண்டாக்கும் ஒற்றைநிலை ஆக்சிஜனையும் பிடித்துத் தின்றுவிடும். துகளுக்கு உதவியது வளையத்துக்குத் தடையாகிறது. ஆகவே துகள் பிறந்ததும் மிஞ்சிய சாற்றை மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றிக் கழுவி நீக்க வேண்டும். கழுவிய நீரில் பாலிஃபீனால் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். போர்பைரின் இணைத்த பிறகும் அதே போலக் கழுவி, வெளியேறிய போர்பைரினை அளக்க வேண்டும். போட்டதில் வெளியேறியதைக் கழித்தால் துகளில் நின்றது எவ்வளவு என்று தெரியும். இந்தக் கழித்தல் கணக்கு இல்லாத எந்த இணைப்பையும் நம்ப இயலாது.

எங்கே பயன்படும்?

நாமக்கல் முட்டைக்கும் கோழிக்கும் பெயர்பெற்ற மாவட்டம். 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இங்கே இருக்கிறது. கோழிப் பண்ணைகளில் நுண்ணுயிர்க்கொல்லிகளின் பயன்பாடு உலகெங்கும் கவலை தரும் விஷயம். மனிதருக்குக் கடைசிக் கட்ட மருந்தாக வைத்திருக்கும் கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் தருவதை இந்திய அரசு 2019இல் தடை செய்தது. ஒற்றைநிலை ஆக்சிஜன் கிருமியின் ஒரே ஓர் உறுப்பைக் குறிவைப்பதில்லை. ஒரே நேரத்தில் பலவற்றையும் தாக்குகிறது. அதனால் கிருமி ஒரு மரபணு மாற்றத்தால் எளிதில் தப்பிவிட முடியாது. முட்டைத் தட்டு, அறுக்கும் மேசை போன்ற, ஒளி எட்டும் பரப்புகளில் பூசக்கூடிய போர்பைரின் துகள் பூச்சு, மருந்தின் தேவையைக் குறைக்க உதவக்கூடிய வழிகளில் ஒன்று.

காவிரிக் கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் சாயப்பட்டறைகள் இருக்கின்றன. சாய மூலக்கூறுகளை ஒளியால் சிதைக்க இத்தகைய துகள்களைப் பயன்படுத்தலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆய்வகத்தில் தெளிந்த நீரில் ஒரே சாயத்தை வைத்துச் செய்வது வேறு. பட்டறைக் கழிவில் உப்பு அதிகம், நிறம் அடர்த்தி, ஒளி ஓரிரு சென்டிமீட்டர்கூட உள்ளே போகாது. வெள்ளித் துகள் ஆற்றில் கலந்தால் மீனுக்கும் நுண்ணுயிருக்கும் நஞ்சாகும். துகளை நீரில் மிதக்க விடாமல் ஒரு துணியிலோ மணியிலோ நிலைநிறுத்தினால்தான் இந்தப் பாதை பாதுகாப்பானது. நிலைநிறுத்திய நானோ வெள்ளியைக் கொண்டு நீரிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் வடிகட்டியைச் சென்னை ஐஐடியில் டி.பிரதீப் குழுவினர் சந்தைவரை கொண்டு சென்றிருக்கிறார்கள். அந்த அனுபவம் நமக்குப் பாடம்.

புற்றுநோய்ச் சிகிச்சை என்று சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். ரத்தம் 600 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை விழுங்கிவிடும். போர்பைரினின் கடைசிக் கியூ பட்டைக்குரிய சிவப்பொளியும் திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் பயனுள்ள அளவில் போகும். தோலிலும் உணவுக்குழாய் போன்ற உட்பரப்புகளிலும் பயன்படும் சிகிச்சை இது. வளர்ப்புத் தட்டில் செல்களைக் கொன்றதைக் காட்டி மருந்து கண்டுபிடித்ததாகச் சொல்வது நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி.

ஆய்வு மாணவர்களுக்கு

இலையின் பெயரை மாற்றி மாற்றித் துகள் செய்யும் காலம் முடிந்துவிட்டது. வேம்பில் செய்ததை ஆவாரையிலும், ஆவாரையில் செய்ததைத் துளசியிலும் செய்வதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. ஒரே இலையை எடுங்கள். எந்தப் பருவத்தில், எந்த மரத்தில் பறித்தது என்று எழுதி வையுங்கள். பக்கத்தில் ஒப்பீட்டுக்கு ஸ்டார்ச் துகளையும் செய்யுங்கள். போர்பைரின் இணைத்த துகளைச் சோதிக்கும் நாளில் சாறு மட்டும், துகள் மட்டும், போர்பைரின் மட்டும், வெள்ளி அயனி மட்டும், இணைக்காத வெறும் கலவை என எல்லாவற்றையும் ஒளியிலும் இருட்டிலும் சேர்த்துச் சோதியுங்கள். இருட்டிலும் கிருமி செத்தால் அது போர்பைரினின் ஒளி வேலையாக இருக்க முடியாது. பெரும்பாலும் வெள்ளியின் வேலையாக இருக்கும். கலவையும் இணைப்பும் ஒரே அளவு கொன்றால், இணைத்ததில் பயனில்லை என்று அப்படியே எழுதுங்கள். அதுவும் மதிப்புள்ள முடிவு.

வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை கட்டுரை வந்தது என்று கேட்பதற்கு முன், கழுவிய நீரின் கணக்கு எங்கே என்று கேளுங்கள். உண்மையாகவே போர்பைரின் பூட்டிய ஒரே ஒரு துகள், நூறு இலைகளில் செய்த நூறு பழுப்பு நீர்மங்களைவிட இந்த மண்ணுக்குப் பயன் தரும்.